"ஏன் குளிசை போடல்ல?" என்று கேட்காமல் ஒரு ஆய்வு

சுகாதாரத் துறையில் படிக்கும் தம்பி தங்கைமார் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் காலத்தில் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கொண்டு வருவார்கள். "அக்கா, ஆக்கள் தடுப்பு மருந்து எடுக்காம விடுறதப் பத்திச் செய்யலாமா? கேள்விக்கொத்துக் குடுத்தாப் போதுமா?"

தாராளமாகச் செய்யலாம். ஆனால் கேள்விக்கொத்து எத்தனை பேர் எடுக்கவில்லை என்று சொல்வதோடு நின்றுவிடும். ஏன் என்ற இடத்தில் நீங்களே முன்கூட்டி எழுதிவைத்த நாலைந்து கட்டங்களில் ஒன்றில் புள்ளடி விழும். உங்களுக்குத் தோன்றாத காரணம் அந்தத் தாளில் ஏற வழியே இல்லை. அதற்குத்தான் பண்புசார் ஆய்வு: எண்ணிக்கை எடுக்காமல், ஆட்களை அவர்கள் பாட்டில் பேசவிட்டு விளங்கிக்கொள்வது. மட்டக்களப்புப் படுவான்கரையில் வயல் வேலை செய்பவர்கள் எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே எடுக்கவேண்டிய டொக்சிசைக்கிளின் குளிசையை எப்படித் தவறவிடுகிறார்கள் என்பதை நான் அப்படித்தான் செய்தேன். அந்த அனுபவத்திலிருந்து உங்களுக்கு உதவக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நோயைப் பற்றி நாலு வரி. லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா எலி, மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீர் வழியாகச் சேற்றிலும் தண்ணீரிலும் கலந்து, காலில் கையில் இருக்கும் சிறு காயங்களால் உடம்புக்குள் போகிறது. முற்றினால் சிறுநீரகம், ஈரல், நுரையீரல் எல்லாவற்றையும் தாக்கும். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்தக் காய்ச்சல் என்று அறிவிக்கப்பட்டது. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு வயல் வேலைக் காலத்தில் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் கொடுப்பார்கள். எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோர் மூலம், பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கையால், இலவசமாகவே கிடைக்கும். அப்படியிருந்தும் பல வீடுகளில் அந்தக் குளிசை அட்டை சாமித்தட்டிலோ அலுமாரிக்கு மேலேயோ பிரிக்காமல் கிடக்கும்.

இலவசமாகக் கிடைத்தும் ஏன் வருவதில்லை என்ற கேள்வி எங்கள் பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவையில் இருந்த ஹொக்பாம், ரோசன்ஸ்டொக் போன்ற சமூக உளவியலாளர்களுக்கும் இதே தலையிடிதான். காசநோயைக் கண்டுபிடிக்க நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும் வாகனத்தை மக்கள் வாழும் இடத்துக்கே கொண்டுபோய் இலவசமாக எடுத்தாலும் பலர் வரவில்லை. அதை விளங்கிக்கொள்ளப் போய்த்தான் நாங்கள் பாடமாக்கும் சுகாதார நம்பிக்கை மாதிரி பிறந்தது: நோய் எனக்கு வருமா, வந்தால் எவ்வளவு மோசம், செய்வதால் என்ன நன்மை, என்ன தடை, எது என்னைத் தூண்டும். என்னால் அதைச் செய்ய முடியுமா என்ற சுயதிறன் அம்சம் 1988இல்தான் சேர்ந்தது. இதை ஆய்வு முன்மொழிவில் எழுதுங்கள், மேற்பார்வையாளர் சந்தோஷப்படுவார். ஆனால் அதன் தலைப்புகளையே கேள்விகளாக்கி வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள். "இந்த நோய் உங்களுக்கு வரும் என்று நினைக்கிறீர்களா?" என்று கேட்டால் "ஓம், வரும்" என்பார்கள். வேறு என்ன சொல்வது?

இந்தத் தலைப்பில் நான் வாசித்த மாணவர் ஆய்வுகளில் பலவற்றின் முடிவு ஒன்றுதான்: "மக்களுக்கு விழிப்புணர்வு போதாது." அந்த வரியைக் கண்டாலே எனக்குச் சந்தேகம் வரும். ஆய்வாளர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோன சோற்றுப் பார்சலை வயலில் வைத்து அவிழ்த்துவிட்டு, அங்கேயே விளைந்தது என்று சொல்வது மாதிரி அது. நான் பேசியவர்களில் எலிக்காய்ச்சல் தெரியாதவர் இல்லை. சேற்றால் வருகிறது என்பதும் தெரியும், குளிசை இருப்பதும் தெரியும். தெரிந்தும் போடாமல் விடுவதுதான் ஆய்வு.

ஆகவே கேள்வி கேட்கும் விதத்துக்கு வருகிறேன். மற்ற எல்லாவற்றையும் விட இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

"ஏன் போடல்ல?" என்பது எங்கள் காதுக்குக் கேள்வி. ஒரு நேர்ஸ் பிள்ளை வாயால் கேட்டால் அது விசாரணை. எதிரில் இருப்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் விடையைத்தான் தருவார்: "மறந்து போச்சு மகள்." மறதி என்று எழுதிக்கொண்டு வந்தால் ஆய்வு அங்கேயே முடிந்தது. நான் கேட்டது வேறு. "போன கிழமை வரம்பு கட்டப் போன நாளச் சொல்லுங்களன், விடிய எழும்பினதில இருந்து." அவ்வளவுதான். குளிசையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆள் சொல்லிக்கொண்டே போவார்: இருட்டோடு எழும்புவது, ஒரு பிளேன்டீ, மோட்டார்சைக்கிள், வட்டை, தண்ணிக்குள் இறங்குவது, வெயில் ஏறியபிறகு வாடியில், அதாவது வயல் குடிசையில், சோறு. அப்படி ஒரு ஐயா தன் நாளைச் சொல்லிக்கொண்டு வந்து, தானாகவே குளிசையில் முட்டி நின்றார். "சோறு திண்டு போட்டுத்தான் போடணும் எண்டாங்க. வெறுவயித்தில போட்டா நெஞ்செரிவு தாங்கேலா. சோறு திங்கிற நேரம் நான் வாடியில, குளிசை வீட்டில. மறுகா பின்னேரம் வந்தா ஆர் நினைக்கிற?"

இதில் மறதியும் இருக்கிறது, பக்கவிளைவும் இருக்கிறது. ஆனால் இரண்டும் காரணம் அல்ல. சாப்பிட்டபின் போடு என்ற அறிவுறுத்தல், விடியச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகிறவருக்காக எழுதப்பட்டது. டொக்சிசைக்கிளின் உணவுக்குழாயையும் இரைப்பையையும் எரிப்பது உண்மை. நிறையத் தண்ணீரோடு எடுக்கவேண்டும், எடுத்த உடனே சரிந்து படுக்கவும் கூடாது. அப்படியானால் இராச்சாப்பாட்டோடு, படுக்கைக்குப் போக நல்ல நேரம் முன்பாக, கிழமையில் இன்ன நாள் என்று குறித்துக் கொடுக்கலாமே! இப்படி ஒரு பரிந்துரை எந்தக் கேள்விக்கொத்திலிருந்தும் வந்திராது.

இன்னொன்று, நான் தேடிப் போகாமலே கிடைத்தது. குளிசை கமக்கார அமைப்பின் பெயர்ப்பட்டியலை வைத்துக் கொடுக்கப்பட்டது. பட்டியலில் இருப்பவர் காணிக்காரர். சேற்றில் நிற்பவர் கூலிக்கு வருபவர். வேறு ஊரிலிருந்து உழவு மெசினோடு வரும் பையனுக்கு அந்த ஊர் பி.எச்.ஐ யார் என்றே தெரியாது. புல்லுப் பிடுங்க வரும் பெண்களும் அப்படித்தான். அவர்கள் குளிசையைத் தவிர்க்கவில்லை, குளிசை அவர்களைத் தேடி வரவே இல்லை. தடுப்பு நடவடிக்கையைத் தவிர்ப்பவர்கள் என்று உங்கள் தலைப்பு எல்லோரையும் ஒரே கூடைக்குள் போட்டால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. தலைப்பையே அதற்கேற்ப மாற்றவேண்டி வரலாம். மாற்றுங்கள், நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தக் கடிதம் எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.

காலைக் காக்கப் போடச் சொல்லும் சப்பாத்தின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். உழுத சேற்றில் கம்பூட்சோடு நாலடி நடந்து பார்த்தவர் யாரும் அதைப் போடச் சொல்லிப் போஸ்டர் அடிக்கமாட்டார்.

வேறொரு விடை திரும்பத் திரும்ப வரும், எந்தத் தடுப்பு நடவடிக்கையை எடுத்தாலும் வரும். "சும்மா நல்லா இருக்கிறவனுக்கு என்னத்துக்கு மருந்து?" இதை அறியாமை என்று குறிக்காதீர்கள். ஜெஃப்ரி ரோஸ் என்ற பிரித்தானிய நோய்ப்பரவலியலாளர் 1980களில் தடுப்பின் முரண் என்று சொன்னது இதைத்தான்: சமூகத்துக்குப் பெரிய நன்மை தரும் ஒரு நடவடிக்கை, அதில் பங்கெடுக்கும் தனி ஆளுக்குக் கொடுப்பது மிகச் சொற்பம். போட்டவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை, போடாத பக்கத்து வயல்காரருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. நெஞ்செரிவு மட்டும் போட்டவருக்கு. அவர் கணக்குப் பிழையென்று நான் சொல்லமாட்டேன்.

யாரோடு போகிறீர்கள் என்பதும் தரவைத் தீர்மானிக்கும். பி.எச்.ஐயின் மோட்டார்சைக்கிளுக்குப் பின்னால் போய் இறங்கினால் ஊரே ஒழுங்காகக் குளிசை போடும் ஊராகிவிடும். அறிமுகத்துக்கு மட்டும் அவர் உதவியை எடுங்கள், பேச்சுக்குத் தனியாகப் போங்கள், சீருடை வேண்டாம். பெண் பிள்ளைகள் வாடிப் பக்கம் போவதென்றால் கூட ஒரு ஆள் அவசியம். அவர் குறிப்பெடுப்பவராக இருந்தால் இரட்டை நன்மை.

குழுக் கலந்துரையாடலுக்கு ஆறு முதல் பத்துப் பேர் என்று பாடத்தில் இருக்கும். எண்ணிக்கையை விட யார் பக்கத்தில் யார் இருப்பது என்பதைப் பாருங்கள். பெரிய காணிக்காரரான போடியாரையும் அவருக்கு வேலை செய்பவர்களையும் ஒரே பாயில் இருத்தினால் ஒருவர் பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். காணிக்காரர் தனி, கூலிக்காரர் தனி, பெண்கள் தனி. குடியைப் பற்றிய பேச்சு ஆண்கள் மட்டும் இருந்தபோதுதான் வந்தது. சம்பளம் கிடைக்கும் நாளில் குடிப்பவர், மருந்தும் சாராயமும் கலக்கக்கூடாது என்ற எச்சரிக்கையை ஒழுங்காகப் பின்பற்றி, குளிசையை விட்டுவிடுகிறார்.

ஒலிப்பதிவுக்குப் போன் போதும். வயல் காற்று பதிவைக் கெடுக்கும், சுவர் மறைவில் இருங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஒரு நாள் போய்விடும். பேசியபடியே எழுதுங்கள், மொழியைத் திருத்தவேண்டாம். ஆங்கில அறிக்கைக்குத் தேவையான மேற்கோள்களை மட்டும் கடைசியில் மொழிபெயர்த்தால் போதும்.

அனுமதி விடயத்தில் ஒன்று. அம்பாறை நிர்வாக மாவட்டத்துக்குள் சுகாதாரப் பிராந்தியங்கள் இரண்டு, அம்பாறையும் கல்முனையும். நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ செய்பவர் கல்முனைப் பிராந்தியப் பணிமனைக்குத்தான் எழுதவேண்டும். நெறிமுறை அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களையும் கணக்கில் எடுங்கள். பெரும்போக விதைப்பு மழையோடு தொடங்கிவிடும், உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்காது. வெட்டு முடிந்தபிறகு போனால், குளிசை நாளைப் பற்றி ஆட்கள் நினைவிலிருந்து அல்ல, ஊகத்திலிருந்து பேசுவார்கள்.

பகுப்பாய்வில் அநேகர் பிரவுண், கிளார்க் இருவரும் கருப்பொருள் பகுப்பாய்வுக்கு 2006இல் எழுதிய ஆறு படிநிலைகளைப் பின்பற்றுகிறோம். படிநிலைகளை மனப்பாடம் செய்வது எளிது, கருப்பொருளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். "பக்கவிளைவுகள்" என்று எழுதினால் அது வெறும் தலைப்பு. "விடியச் சாப்பிடாமல் வேலைக்கு இறங்கும் உடம்புக்குப் பொருந்தாத மருந்து" என்று எழுதினால்தான் கருப்பொருள், ஏனென்றால் அதில் ஒரு வாதம் இருக்கிறது, யாராவது மறுத்துப் பேச முடியும். நான் நூட்புக்கில் கலர்ப் பேனையால் செய்தேன், எக்செலும் ஆகும். மென்பொருள் இல்லை என்று கவலைப்படவேண்டாம்.

வைவாவில், அதாவது வாய்மொழிப் பரீட்சையில், கட்டாயம் வரும் கேள்வி: "இவ்வளவு கொஞ்சப் பேரை வைத்து மாவட்டத்துக்கே எப்படிச் சொல்வீங்க?" பதறவேண்டாம். மாவட்டத்துக்கு எத்தனை வீதம் என்று நான் சொல்ல வரவில்லை, இந்தச் சூழல் எப்படிப்பட்டது என்று போதிய விவரத்தோடு எழுதியிருக்கிறேன், இதே மாதிரியான இடத்துக்கு இது பொருந்துமா என்று வாசிப்பவர் தீர்மானிக்கலாம் என்று சொல்லுங்கள். லிங்கன், குபா இருவரும் 1985இல் வைத்த இடமாற்றத்தக்க தன்மை என்பது அதுதான். அடுத்தது, "நேர்காணல எப்ப நிப்பாட்டினீங்க?" கெஸ்ட் என்பவரும் சகாக்களும் 2006இல் கானா, நைஜீரியப் பெண்களின் 60 நேர்காணல்களைப் பார்த்து, முதல் 12இலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டன என்று காட்டினார்கள். எல்லோரும் அந்த 12ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களிடம் ஒரே கேள்விகள் கேட்கப்பட்ட ஆய்வு அது. காணிக்காரர், கூலிக்காரர், பெண்கள் என்று மூன்று குழு வைத்திருப்பவர் அந்த எண்ணைச் சொல்லித் தப்ப முடியாது. ஒவ்வொரு குழுவிலும் புதிதாக ஒன்றும் வரவில்லை என்பதை உங்கள் குறிப்பேட்டைத் திறந்து காட்டுங்கள். எழுதும்போதே, பண்புசார் ஆய்வறிக்கையில் என்னென்ன இருக்கவேண்டும் என்று சொல்லும் கோரெக் பட்டியலின் 32 விடயங்களையும் ஒருமுறை சரிபார்த்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை அறிக்கையிலேயே இருக்கும்.

எலிக்காய்ச்சலைத்தான் எடுக்கவேண்டும் என்றில்லை. 35 வயதுப் பெண்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பப் பரிசோதனைக்கு அழைக்கும் வெல் வுமன் கிளினிக் 1996இலிருந்து நடக்கிறது. அங்கே போகாதவர்களிடமும் காரணத்தைக் கேட்காமல், மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து அழைப்புத் துண்டு கொடுத்த நாளில் தொடங்கச் சொல்லுங்கள். பிள்ளையை யார் பார்த்தது, பஸ் எத்தனை மணிக்கு, கிளினிக்கில் பரிசோதிப்பது ஆணா பெண்ணா என்றெல்லாம் தானாக வரும்.

கடைசியாக, அறிக்கை நூலகத்துக்குப் போகும் முன் தமிழில் ஒரு பக்கம் எழுதி எம்.ஓ.எச் கந்தோரில் கொடுங்கள். என்ன கண்டீர்கள், எதை மாற்றலாம் என்பது மட்டும் போதும், யார் சொன்னது என்று தெரியவரும் எந்த விவரமும் வேண்டாம். செப்டெம்பருக்குள் கொடுத்துவிடுங்கள். விதைப்புத் தொடங்கியபிறகு பி.எச்.ஐக்கு அதை வாசிக்க நேரம் இருக்காது.