டி.என். 69 வண்டியின் அடிப்பக்கம்

நவம்பர் 3, 2024, ஞாயிறு

நேற்று மழையில் ரிங் ரோட்டில் வந்துகொண்டிருந்தபோது டிரைவர் பக்கம் கால் நனைந்தது. கதவு ரப்பர் போயிருக்கும் என்று நினைத்தேன். காலையில் மேட்டை எடுத்துப் பார்த்தால் கார்ப்பெட் ஊறிக் கிடக்கிறது, கதவோரமோ காய்ந்தே இருக்கிறது. அப்படியானால் தண்ணீர் கீழிருந்துதான் வந்திருக்க வேண்டும். கார்ப்பெட்டை உரித்து, அடியில் இருந்த ஃபெல்ட்டையும் தூக்கினேன். தரைத்தகட்டில் கருப்பாக ஒரு திட்டு. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் 'டங்' என்று வரவேண்டிய சத்தம் 'தொப்' என்று வந்தது. முனையை வைத்து லேசாக அழுத்தினேன், உள்ளே போய்விட்டது. துளை வழியாக வாசல் சிமென்ட் தெரிந்தது.

தீபாவளிக்கு முன்னால் வாங்கிய கார். 2012 மாடல், பெட்ரோல், 2 லட்சத்து 35 ஆயிரம். மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய்க் காட்டித்தான் வாங்கினோம். இன்ஜின், கிளட்ச், ஏசி எல்லாம் சுத்தம். இன்றைக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் குனிந்து அடியையும் பார்த்தார். புத்தம்புதுக் கருப்புக் கோட்டிங். "பார்ட்டி நல்லா மெயின்டெயின் பண்ணியிருக்கார் சார்" என்றார்.

வண்டி டி.என். 69. தூத்துக்குடிப் பதிவு.

நவம்பர் 4, திங்கள்

டிங்கர் பட்டறையில் வண்டியைப் பிட் மேல் ஏற்றினோம். பட்டறை அண்ணன் கீழே இறங்கி, கோட்டிங்கை நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தார். "இது அடிச்சு மூணு மாசம்கூட ஆகலை தம்பி. பன்னெண்டு வருச வண்டிக்கு அடி மட்டும் எப்படிப் புதுசா இருக்கும்?"

பட்டி பிளேடால் சுரண்டச் சுரண்ட, கோட்டிங் பாளம் பாளமாக வந்தது, முதுகில் துருவையும் ஒட்டிக்கொண்டு. டிரைவர் தரையில் உள்ளங்கை அளவுக்கு ஓட்டை. இடது ரன்னிங் போர்டின் அடிமடிப்பு கிட்டத்தட்ட முழுக்கப் போயிருக்கிறது. ஜாக்கி வைக்கும் இடத்தை அண்ணன் கட்டைவிரலால் அழுத்தினார், அமுங்கியது. "ரோட்டுல பஞ்சராகி இங்க ஜாக்கி குடுத்திருந்தீங்கன்னா வண்டி ஏறியிருக்காது, ஜாக்கிதான் உள்ள ஏறியிருக்கும்."

லாரிக்கு இருப்பதுபோல இந்த மாதிரிச் சின்னக் கார்களுக்குத் தனி சேசிஸ் கிடையாது. தரை, ரன்னிங் போர்டு, தூண், கூரை எல்லாம் சேர்ந்து வெல்டு ஆனதுதான் வண்டியின் எலும்பு. ரன்னிங் போர்டு வெளியே பார்க்க ஒரு அலங்காரப் பட்டை மாதிரி இருந்தாலும், உள்ளே அது தகடுகள் சேர்ந்த வெற்றுப் பெட்டி. பக்கவாட்டில் இடித்தால் தாங்குகிறவற்றில் அது முக்கியமானது. உள்ளே போகிற தண்ணீர் வடிவதற்காக அடியில் சின்னச் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். அத்தனையையும் அந்தக் கருப்புப் பூச்சு அடைத்திருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது இந்த இடத்தில்தான். துருவை மறைத்தார்கள், சரி, விற்கிறவன் செய்கிற வேலை. ஈரத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்களே!

நவம்பர் 6, புதன்

காரை எங்களுக்கு விற்றுக் கொடுத்த கன்சல்டிங் ஆபீசுக்குப் போன் போட்டேன். படங்களையும் அனுப்பினேன். "கடல் பக்கத்து வண்டின்னா லேசா துரு இருக்கத்தான் செய்யும் சார். அதுக்குத்தான் நாங்களே ஆன்டி ரஸ்ட் கோட்டிங் அடிச்சுக் குடுத்தோம்" என்றார். அப்புறம் பெரிய மனசோடு, "வேணும்னா கொண்டு வாங்க, இன்னொரு கோட் அடிச்சுத் தர்றேன், காசு வேண்டாம்." போனை வைத்துவிட்டேன்.

வக்கீல் நண்பனிடம் கேட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை என்றான். வெட்டி எடுக்கும் தகடுகளைத் தூக்கிப் போடாதே, ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடு, பட்டறையில் எழுத்தில் வாங்கு என்றும் சொன்னான். இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தான். தேய்மானத்துக்கு அவர்கள் தரமாட்டார்கள்.

அப்பாவின் யோசனை வேறு: "பேசாம இன்னொருத்தன் தலையில கட்டிரு." அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். பேச்சு அதோடு நின்றது.

நவம்பர் 9, சனி

மேலே பெயின்ட் அவ்வளவு பளபளப்பாக இருக்க, அடி மட்டும் ஏன் இப்படி என்று அண்ணனிடம் கேட்டேன். "மேல மழை கழுவிரும். அடியை யாரு கழுவுறது?" என்றார். யோசித்தால் முழு விஷயமும் அதற்குள் இருக்கிறது. கடற்காற்றில் வரும் உப்பு மேலேயும் படியும், கீழேயும் படியும். கீழே படிந்தது தங்கிவிடுகிறது. மழைக்காலத்தில் கல்லுப்புச் சாடி தானாகக் கசிவதைப் பார்த்திருக்கிறோம். சுத்தமான உப்பே காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையும், கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கும் வெகு முன்னாலேயே இழுத்துவிடும். கடலோர இரவுகளில் அந்த அளவு ஈரம் சாதாரணம். ஆக மழையே பெய்யாவிட்டாலும் தகட்டின் அடியில் ஒரு உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். பெயின்டில் ஒரு கல் தெறித்த வடு போதும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும் என்பதால் பக்கத்துப் பெயின்டையும் நெம்பிக்கொண்டு பரவும்.

அந்தக் காலத்தில் சர்வீஸ் ஸ்டேஷனில் வாட்டர் வாஷ் முடித்து ஆயில் ஸ்ப்ரே அடிப்பார்கள். ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊதிக் கெட்டுப்போகும் என்று இப்போது விட்டுவிட்டார்கள். ஆனால் கழுவுவதையுமா விட வேண்டும்?

முடிவு செய்துவிட்டேன். வெட்டி வெல்டு வைப்பதுதான். ஆர்.சி. 2027-இல் முடிகிறது, புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்தும்போது இந்த அடியோடு நிறுத்த முடியாது.

நவம்பர் 14, வியாழன்

சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே. முதலில் பேட்டரியைக் கழற்றினார்கள். பெட்ரோல் குழாய் தரையை ஒட்டி ஓடுவதால் அதை விலக்கிக் கட்டி, ஈரச் சாக்கும் தீயணைப்பானும் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். வெட்டத் தொடங்கியபோது உள்ளங்கை அளவு ஓட்டை ஒரு முறம் அளவுக்கு ஆகிவிட்டது. நல்ல தகடு பளபளவென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போனார் அண்ணன். பாதித் துருவில் வெல்டு நிற்காதாம்.

20 கேஜ் சி.ஆர். ஷீட், அதாவது பூச்சில்லாத இரும்புத் தகடு. ஜாக்கி இடத்துக்கு மட்டும் அதைவிடத் தடித்த 18 கேஜ். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு போட்டால் துருப்பிடிக்காதே என்றேன். "வெல்டு பண்ற இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிரும். அந்தப் புகையைக் குடிச்சா எனக்கு ராத்திரி காய்ச்சல் வரும்." கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகடு நெளியும் என்று, கரியமில வாயுவைப் பாய்ச்சி மின்சாரத்தில் உருக்கி ஒட்டும் சி.ஓ.டூ வெல்டிங்தான் வைத்தார். புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி. பையன் ஒருவன் உள்ளே உட்கார்ந்து கீழே விழும் பொறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 17, ஞாயிறு

துத்தநாக பிரைமர், இணைப்புகளில் சீலர், அதன் மேல் கோட்டிங். ரன்னிங் போர்டுக்குள் குழாய் விட்டு மெழுகு ஸ்ப்ரே. வடிகால் துளைகளில் குச்சி சொருகி வைத்துவிட்டுத்தான் கோட்டிங் அடித்தார். 21,500 ரூபாய் ஆனது. வெட்டிய தகடுகள் ஒரு சாக்கில் என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. மனுவை நண்பன் எழுதிக்கொண்டிருக்கிறான்.

வலது ரன்னிங் போர்டில் மேல்துருதான் இருக்கிறது, இந்த ஈரத்தில் அதைத் தொட வேண்டாம் என்கிறார் அண்ணன். சித்திரைத் திருவிழா முடிந்து கொண்டுவரச் சொன்னார், திருவிழா சமயத்தில் பட்டறையில் பையன்கள் இருக்கமாட்டார்களாம். அதுவரை அவ்வப்போது அடியில் தண்ணீர் அடித்துக் கழுவி, துளைகளில் கம்பி விட்டுப் பார்க்க வேண்டும்.