சேர்வர் வந்தது, லைசன்ஸ் வரவில்லை

விண்டோஸ் சேர்வரில், தூரத்திலிருந்து பலர் ஒரே நேரத்தில் அதற்குள் வந்து வேலை செய்ய விடும் ரிமோட் டெஸ்க்டொப் சேவையைப் போட்டால் லைசன்ஸ் இல்லாமலே 120 நாள் ஓடும். அதற்குப் பிறகு சாதாரணப் பாவனையாளர் ஒருவரையும் வெளியிலிருந்து உள்ளே விடாது. இது மைக்ரோசொப்ட் ஒளித்து வைத்த இரகசியம் இல்லை, எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எங்களுக்குச் சேர்வர் விற்றவர் மட்டும் வாய் திறக்கவில்லை. அந்த 120 நாள் முடிந்தது, 20ஆம் திகதிக்குள் வற் வரி கட்ட வேண்டிய கிழமையில்.

எங்கள் நிலைமை இதுதான். பரந்தனில் அரிசி ஆலை, அதன் வளவுக்குள்ளேயே அலுவலகம். கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, மல்லாவியில் உரம், கிருமிநாசினி, இரும்புச் சாமான் விற்கும் கடைகள். கணக்காளர் யாழ்ப்பாணத்தில். எல்லாரும் ஒரே கணக்கு மென்பொருளில் வேலை செய்ய வேண்டும், ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை. அதுவரை கிளைக் கணக்குகள் பென்டிரைவில் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தன.

முதல் தடை லைன். அலுவலகத்தில் இருந்தது 4ஜி ரவுட்டர். வெளியிலிருந்து அதற்குள் வர முடியாது, ஏனென்றால் நமக்கென்று இணையத்தில் தனி முகவரி, அதாவது பொது ஐபி, கிடையாது. ஒரே முகவரியை நிறையப் பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி ஐபி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், ரவுட்டரில் எந்தப் போட்டை, அதாவது வெளியிலிருந்து உள்ளே வரும் வாசலை, திறந்தும் பிரயோசனம் இல்லை. ஹொட்லைனில் பேசிய பிள்ளை ஒவ்வொரு முறையும் "ரவுட்டரை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்கோ சேர்" என்றார். கடைசியில் ஏ9 வீதியோரம் இருப்பதன் புண்ணியத்தில் பைபர் இணைப்பு கிடைத்தது, நிலையான ஐபியோடு, வியாபாரப் பெக்கேஜில். வீட்டுப் பெக்கேஜ்காரர்கள் டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைப் பாவிக்கலாம், அது பங்கிட்ட ஐபிக்குப் பின்னாலும் ஓடும்.

அடுத்ததுதான் பெரிய ஏமாற்றம். விற்றவர் முதலில் சொன்ன யோசனை, கணக்குக் கோப்பை அலுவலகக் கொம்பியூட்டரில் வைத்துவிட்டு, கிளைகளில் மென்பொருளை நிறுவி, இணையத்துக்குள் நமக்கென்று போடும் பாதுகாப்பான பாதையான விபிஎன் வழியாகக் கோப்பைத் திறப்பது. புதுக்குடியிருப்பில் பரீட்சித்தோம். மென்பொருளைத் திறக்கக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளருக்கு உர மூட்டை ஏற்றி அனுப்பலாம், வந்து பார்த்தால் இன்னும் திறந்துகொண்டிருக்கும். "பெரிய பெக்கேஜ் எடுத்தாச் சரி" என்றார். சரிவராது. இந்த வகை மென்பொருள் கோப்பைத் துண்டு துண்டாக ஆயிரக்கணக்கான தடவை கேட்டு வாங்கும். அலுவலக வயருக்குள் ஒரு கேள்வி போய்த் திரும்ப ஒரு மில்லிசெக்கன் கூட ஆகாது. 4ஜியில் அது ஐம்பது வரை போகும். லைன் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அந்தத் தாமதம் குறையாது. அதைவிடப் பயம், பில்லைச் சேமிக்கும்போது லைன் அறுந்தால் கோப்பு பழுதாவது. எங்களுக்கு அதுவும் நடந்தது. கணக்காளர் ஒரு மாதப் பதிவுகளைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியதாயிற்று.

மென்பொருளும் கோப்பும் ஒரே இயந்திரத்தில் இருக்க வேண்டும், கிளைக்குத் திரையின் படம் மட்டும் போக வேண்டும். ரிமோட் டெஸ்க்டொப் செய்வது அதைத்தான். மல்லாவியின் மெலிந்த 4ஜியே அதற்குப் போதும். சாதாரண விண்டோஸ் புரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்கலாம், இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் வெளியே. "அதுக்கு ஒரு பெச் இருக்கு அண்ணை, போட்டு விடுறன்" என்று ஒரு தம்பி சொன்னான். லைசன்ஸ் விதிக்கு மாறானது என்பது ஒரு பக்கம், அடுத்த அப்டேட்டில் அது உடைந்துபோகும் என்பது மறு பக்கம். வேண்டாம் என்றோம்.

பெட்டியைத் தேர்ந்தெடுப்பது உண்மையில் சின்ன வேலை. கொட்டேஷனில், ஏற்கெனவே யாரோ பாவித்த பழைய சேர்வர் ஒன்று, நிறையக் கோர் (செயலிக்குள் வேலை செய்யும் பகுதி), 64 ஜிபி ராம் என்று பெரிதாக எழுதி வந்தது. நான் தலையாட்டவில்லை. கணக்கு மென்பொருளின் பெரும்பாலான வேலை ஒரு கோரில்தான் நடக்கும், ஆகவே கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொன்றின் வேகம்தான் முக்கியம். ஐந்து பேருக்கு 16 ஜிபி காணும், 32 தாராளம். பிழை திருத்தும் ஈசிசி ராம் கிடைத்தால் நல்லது. பழைய சுழல் டிஸ்க் வேண்டவே வேண்டாம், இரண்டு எஸ்எஸ்டியை, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதியும்படி, மிரர் போட்டு ஓடவிடுங்கள். புதிய சிறிய டவர் ஒன்றை எடுத்தோம். இன்றுவரை அதில் ஒரு குறையும் இல்லை.

கொட்டேஷனில் "விண்டோஸ் சேர்வர் ஒரிஜினல்" என்று ஒரு வரி இருந்தது. சேர்வருக்கான லைசன்ஸ், ஒவ்வொரு ஆளுக்கும் சேர்வரை அணுகும் லைசன்ஸ், அதற்கு மேல் ஒவ்வொரு ஆளுக்கும் ரிமோட் டெஸ்க்டொப் லைசன்ஸ் என மூன்று வேண்டும். எங்களுக்கு வந்தது முதலாவது மட்டும். 120 நாள் கழிந்த காலை, கிளைகளிலிருந்து வரிசையாகப் போன். லைசன்ஸ் சேர்வர் இல்லை என்று சொல்லி இணைப்பு துண்டிக்கப்படுகிறது. விற்றவருக்கு எடுத்தால், "மெஷினைக் கொண்டு வாங்கோ, பாப்பம்" என்றார். ஆலை வானில் ஏற்றி ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணம் கொண்டுபோனோம். கடையில் இருந்த பெடியன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இது கொழும்பிலிருந்து ஓடர் பண்ண வேண்டிய லைசன்ஸ், பெட்டி இங்கே வரத் தேவையே இல்லை என்றான். திரும்பக் கொண்டுவந்தோம்.

அந்த வற் எப்படிப் போனது என்றால், லைசன்ஸ் முடிந்தாலும் சேர்வருக்கு நேர் முன்னால் உட்கார்ந்து வேலை செய்யலாம். வெளியிலிருந்தும் நிர்வாகக் கணக்கில், இணைக்கும் கட்டளையோடு /அட்மின் என்று ஆங்கிலத்தில் சேர்த்துக் கொடுத்தால் உள்ளே போகலாம். இது அந்தரத்துக்கு உதவும் வழி, அன்றாடப் பாவனைக்கு அல்ல. கணக்காளர் பரந்தனுக்கே வந்து, ஆலைச் சத்தத்துக்குள் இருந்து முடித்துக் கொடுத்தார்.

பிறகு லைசன்ஸ் பட்டியல் வந்தது. அதில் 2019 என்று இருந்தது. எங்கள் சேர்வர் 2022. புதிய பதிப்பின் ரிமோட் லைசன்ஸ் பழைய சேர்வருக்குச் செல்லும், பழையது புதியதற்குச் செல்லாது. காசு கட்டுவதற்கு முன் அதைப் பிடித்தேன். "ரெண்டும் ஒண்டுதான் சேர்" என்றவர், எழுத்தில் உறுதி கேட்டதும் இறங்கி வந்து மாற்றித் தந்தார். இந்த முழுக் கதையிலும் நான் சந்தோஷப்பட்ட இடம் அதுதான். மாறிமாறி ஆட்கள் ஒரே கொம்பியூட்டரில் இருக்கும் கிளைகளென்றால், ஆளுக்கு வாங்காமல் கொம்பியூட்டருக்கு வாங்கினால் மலிவு. இதையும் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

சேர்வரை நிறுவித் தந்த பெடியன் செய்த இன்னொரு வேலை, விபிஎன் கரைச்சல் என்று, ரிமோட் டெஸ்க்டொப்பின் வாசலான 3389 போட்டை நேரே இணையத்துக்குத் திறந்துவிட்டது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 4625 என்ற எண்ணைத் தேடிப் பாருங்கள், தோற்றுப்போன நுழைவு முயற்சிகள் அங்கே பதிவாகும். எங்களுடையதில் முடிவில்லாமல் உருண்டது, நிர்வாகி, கணக்கு, சோதனை என்று உலகத்தில் உள்ள பெயரெல்லாம் போட்டு எங்கிருந்தோ தட்டிக்கொண்டிருந்தார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் கூட்டம் நுழையும் பிரதான வாசல்களில் இதுவும் ஒன்று. அன்றே மூடினோம். இப்போது வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக மட்டும் உள்ளே வரலாம்.

இனிக் கரண்ட். ஆலையின் பெரிய மோட்டர் கிளம்பும்போது வோல்டேஜ் சரியும், அறுவடைக் காலத்தில் நாள் முழுக்க இதே கதை. மலிவான யூபிஎஸ் ஒவ்வொரு சரிவுக்கும் பட்டரிக்குத் தாவும், பட்டரி சீக்கிரம் செத்துவிடும். வோல்டேஜைத் தானே சீராக்கும் லைன் இன்டராக்டிவ் வகையாகக் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து சேர்வருக்கு யூஎஸ்பி வயரும் கொடுக்க வேண்டும், பட்டரி முடியுமுன் சேர்வர் தானாக ஒழுங்காக அணைய அதுதான் வழி. ஆனால் அணைந்தது தானாக எழும்பாது. 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்கக் கரண்ட் போன ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் வந்த பிறகும் எங்கள் சேர்வர் உறங்கிக்கொண்டுதான் இருந்தது, அலுவலகத் திறப்பு முதலாளியின் சட்டைப்பையில். விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பான பயோஸில், கரண்ட் திரும்பியதும் இயங்கு என்று ஒரு தெரிவு உண்டு, முதல் நாளே போட்டுவிடுங்கள்.

பெக்கப் பற்றி ஒரு வரி: மிரர் போட்ட டிஸ்க் பெக்கப் ஆகாது, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இரண்டு வெளி டிஸ்க்கை மாற்றி மாற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம்.

இன்னும் தீராத ஒன்று மல்லாவியின் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர். ரிமோட்டில் அச்சிட்டால், எழுத்தாகப் போக வேண்டியது படமாகப் போகிறது, ஒரு பில் வர வாடிக்கையாளர் காத்திருந்து சலித்துப்போகிறார். ரிமோட் டெஸ்க்டொப்பின் பொது அச்சு முறையான ஈஸி பிரிண்டை நிறுத்திவிட்டு பிரிண்டரின் சொந்த டிரைவரைச் சேர்வரில் நிறுவச் சொல்கிறார்கள். எங்கள் பிரிண்டர் மொடலுக்குச் சேர்வர் 2022இல் ஓடும் டிரைவர் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.