மருந்தா உப்புநீரா: முட்டிவலி ஊசிச் சோதனையில் என் அனுபவம்

பலதுறை மருந்தகத்தில் கொடுத்த மாத்திரை, தைலம், தொடைத் தசைப் பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. முட்டி மாற்று அறுவைக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தில்தான் முட்டிக்குள் போடும் புதிய ஊசி ஒன்றைச் சோதிக்க ஆள் சேர்க்கிறார்கள் என்று மருத்துவர் சொன்னார்.

போனதும் ஊசி போட்டுவிட மாட்டார்கள். முதலில் எக்ஸ்ரே. மூட்டுத் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிறார்கள். எனக்கு 3, அதனால் சேர்த்துக்கொண்டார்கள். 4 என்றால் இந்தச் சோதனையில் இடமில்லை. அப்புறம் பக்கம் பக்கமாகச் சம்மதப் படிவம். வீட்டுக்குக் கொண்டுபோய் மகளோடு உட்கார்ந்து படித்தேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், வழக்கமான சிகிச்சைக்குப் பாதிப்பு வராது என்ற வரிதான் கையெழுத்துப் போட வைத்தது.

பெரும்பாடு அதற்கப்புறம்தான். வழக்கமாகப் போடும் வலி மாத்திரையை ஊசிக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள். அது உடம்பில் இருந்தால் வலியின் உண்மையான அளவு தெரியாதாம். தாங்க முடியாவிட்டால் பாரசிட்டமால், அதையும் குறிப்பேட்டில் எழுதவேண்டும். பேருந்திலிருந்து இறங்கும்போது கம்பியை விடவே பயம். தேக்கா சந்தைக்கு மகளை அனுப்பினேன்.

ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரே 24 கேள்விகள். வலிக்கு 5, விறைப்புக்கு 2, மிச்சம் 17 அன்றாட வேலைகளுக்கு. காலுறை மாட்டும்போது சிரமமா என்று ஒன்று, கழற்றும்போது சிரமமா என்று இன்னொன்று. நான் எங்கே காலுறை போடுகிறேன்! கோயிலில் சம்மணமிட்டு உட்கார முடிகிறதா என்று ஒரு கேள்வியும் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு மருந்துக்குப் பதில் உப்புநீர் போடுகிறார்கள். எனக்குப் போட்டது மருந்தா வெறும் உப்புநீரா என்பது எனக்கும் தெரியாது, கேள்வி கேட்கும் தாதிக்கும் தெரியாது. "எல்லாருக்கும் மருந்தையே போட்டால் என்ன டாக்டர்?" என்று கேட்டேன். உடல் பருமனும் முட்டித் தேய்மானமும் உள்ளவர்களுக்கு செமாகுளுடைட் என்ற எடை குறைப்பு ஊசி போட்டுப் பார்த்த ஆய்வைச் சொன்னார். 2024-இல் வெளிவந்தது. 68 வாரத்தில் மருந்து பெற்றவர்களின் வலி, 100 புள்ளி அளவுகோலில் சராசரியாக 41.7 குறைந்தது. மருந்தில்லாத ஊசி பெற்றவர்களுக்கும் 27.5 குறைந்ததாம்! இரு தரப்புக்கும் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை உண்டு. ஒப்பிட ஆளில்லாவிட்டால் அத்தனை பெருமையும் மருந்துக்கே போயிருக்கும்.

எனக்கும் இப்போது படி இறங்குவது கொஞ்சம் எளிதாக இருக்கிறது. எந்த ஊசி என்பது சோதனை முழுவதும் முடிந்த பிறகுதான் தெரியும். சேர நினைப்பவர்கள் பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது, மருந்து பலித்தால் பிறகும் கிடைக்குமா என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.