வெள்ளக் கதை தேர்வில் வந்தால்: ஆதியாகமம் 6–9ஐப் படிக்கும் முறை

பழைய ஏற்பாட்டுத் தாளில் ஆதியாகமம் 6 முதல் 9 வரை ஒரு கேள்வி வரும் என்று சீனியர்கள் சொன்னால் செமினரியில் யாரும் பயப்படுவதில்லை. ஓய்வுநாள் பள்ளியிலேயே படம் வரைந்து வண்ணம் தீட்டிய நோவாவின் கதையாயிற்றே. அதனால்தான் விடைத்தாளில் மூன்று பக்கத்துக்குப் பேழை, மழை, காகம், புறா, வானவில் என்று கதை ஓடுகிறது. கடைசிப் பத்தியில் "இவ்வாறு தேவன் நீதியுள்ளவர், இரக்கமும் உள்ளவர்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். இந்தத் தாளை எழுதியும் இருக்கிறேன், பிற்பாடு திருத்தியும் இருக்கிறேன். கதையைத் திருப்பிச் சொன்னதற்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. "வெள்ளக் கதையில் நியாயத்தீர்ப்பும் மீட்பும்" என்று கேட்டால், அந்த இரண்டும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதே கேள்வி.

படிக்கத் தொடங்கும்போது விளக்கவுரைகளையும் சீனியர் நோட்ஸையும் மூடி வையுங்கள். நான்கு அதிகாரங்களையும் ஒரே மூச்சில், முடிந்தால் வாய்விட்டு, படியுங்கள். கையில் ஒரு தாள் இருக்கட்டும். தேவன் பேசும் இடம், செயல்படும் இடம், எதையாவது உணரும் இடம் மூன்றையும் வசன எண்ணோடு குறித்துக்கொண்டே போங்கள். எனக்கு இந்தப் பகுதி பிடிபட்டது இப்படித்தான். குறித்து முடித்ததும் இரண்டு விஷயங்கள் தாமாகவே கண்ணில் பட்டன.

ஒன்று, இந்த நான்கு அதிகாரங்களில் தேவன் கோபப்பட்டார் என்று ஒரு வசனம்கூட இல்லை. 6:6 சொல்வது மனஸ்தாபத்தை, "இருதயத்துக்கு விசனமாயிருந்தது" என்ற துக்கத்தை. நியாயத்தீர்ப்பு என்றாலே கோபாக்கினை என்று எழுதிப் பழகிய கை, இங்கேயும் அப்படியே எழுதிவிடும். அதைத் தடுத்தாலே உங்கள் விடை மற்ற விடைகளிலிருந்து தனியாகத் தெரியும்.

இரண்டாவதுதான் முக்கியம். 6:5ஐயும் 8:21ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வெள்ளத்துக்கு முன்னால்: மனுஷனுடைய இருதயத்து நினைவுகளின் தோற்றமெல்லாம் நித்தமும் பொல்லாதது, ஆகவே அழிப்பேன். வெள்ளத்துக்குப் பின்னால்: மனுஷனுடைய இருதயத்தின் நினைவுகள் சிறுவயது தொடங்கிப் பொல்லாதவை, ஆனாலும் இனி அழிப்பதில்லை. சொல்லப்படும் நிலைமை அப்படியே இருக்கிறது, முடிவு மட்டும் தலைகீழாகிவிட்டது. அத்தனை தண்ணீரும் மனுஷனைக் கழுவித் திருத்திவிடவில்லை. அவன் அப்படியேதான் இருக்கிறான். மாறியது அவனோடு தேவன் நடந்துகொள்ளும் விதம். நியாயத்தீர்ப்பு முதல் பாதி, மீட்பு இரண்டாம் பாதி என்று பிரித்து எழுதுவது ஏன் போதாது என்பது இங்கேதான் தெரிகிறது. என் விடையின் முதல் பத்தியில் இந்த ஒப்பீட்டைத்தான் வைத்தேன். நீங்களும் அதை முதலிலேயே வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் அதோடு கட்டுங்கள்.

அடுத்து, மூல ஆவணக் கொள்கை: ஜே (யாவே மரபு), பி (ஆசாரிய மரபு) என்ற இரண்டு பழைய மூலங்களைப் பின்னியே இந்தக் கதை உருவானது என்ற கருத்து. இதைத் தொடாமல் பட்டப்படிப்பு அளவில் விடை நிற்காது. ஆனால் இரண்டு பக்கத்துக்கு ஜே, பி என்று பட்டியல் போடுவதும் வீண். தேவையானது இவ்வளவுதான். 6:19ல் ஒவ்வொரு ஜாதியிலும் ஒரு ஜோடி, 7:2ல் சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி. ஓரிடத்தில் 40 நாள் மழை, இன்னோரிடத்தில் 150 நாள் பெருவெள்ளம். ஜே மூலத்தில் குற்றம் இருதயத்தின் பொல்லாப்பு. பி மூலத்தில் (6:11–13) பூமி கொடுமையால் நிறைந்தது. ஜே பலியோடு முடிகிறது, பி உடன்படிக்கையோடும் வானவில்லோடும் முடிகிறது. சீனாய்க்கு முன்னால் பி எங்கேயும் பலியைச் சொல்வதில்லை என்பதால் நோவாவின் பலிபீடம் அதில் இல்லை. இதைச் சொன்ன கையோடு கேள்விக்குத் திரும்பிவிடுங்கள்: இரண்டு மூலங்களும் குற்றத்தை வேறுவிதமாகப் பார்த்தாலும், தீர்ப்புச் சொன்னவரே காப்பாற்றுகிறார் என்பதில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை.

கதை ஒரே கட்டமைப்பாக இருக்கிறது என்று வாதிட்டவர்களையும் ஒரு பத்தியில் சேர்க்க வேண்டும். வேத ஆய்வாளர் கார்டன் வென்ஹாம் 1978ல் காட்டிய நாள்கணக்கு நினைவில் வைக்க எளிது: 7, 7, 40, 150, அப்புறம் அதே படிகளில் இறங்கி 150, 40, 7, 7. நடுவில் 8:1, "தேவன் நோவாவை நினைத்தருளினார்." எமர்ட்டன் என்ற இன்னோர் ஆய்வாளர் 1987, 1988ல் எழுதிய கட்டுரைகளில் இதைக் கடுமையாகவே எதிர்த்தார். இந்தச் சமச்சீர் கொஞ்சம் இழுத்துப் பொருத்தியது என்பது அவருடைய வாதம். எண்கள் எல்லாம் அப்படிக் கச்சிதமாக விழுகின்றனவா என்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் 8:1ல் கதை திரும்புகிறது என்பதைச் சொல்ல அந்த எண் வரிசை தேவையே இல்லை. 7ஆம் அதிகாரம் முழுக்க ஏறிக்கொண்டே வந்த தண்ணீர் அந்த வசனத்தில்தான் அமர்கிறது.

அந்த வசனத்தில் காற்று வீசுகிறதைக் கவனியுங்கள். 1:2ல் ஜலத்தின்மேல் அசைவாடிய தேவ ஆவியை இது நினைவுபடுத்துகிறது; எபிரேயத்தில் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தான். 1:6–7ல் மேலே உள்ள தண்ணீரும் கீழே உள்ள தண்ணீரும் பிரிக்கப்பட்டன. 7:11ல் மகா ஆழத்தின் ஊற்றுக்கண்கள் பிளந்து, வானத்தின் மதகுகள் திறந்து, அந்தப் பிரிவு இல்லாமல் போகிறது. படைப்பு பின்னோக்கி ஓடுகிறது என்றுகூடச் சொல்லலாம். பிறகு காற்று, வற்றும் தண்ணீர், வெளிப்படும் நிலம், 9:1ல் மறுபடியும் "பலுகிப் பெருகி". தேவன் சிருஷ்டியையே குலைத்து மறுபடி நிறுவுகிறார் என்பதால், இங்கே மீட்பு எட்டுப் பேரோடு நிற்பதில்லை. 8:1ல் நினைக்கப்படுகிறவர்களில் காட்டுமிருகங்களும் நாட்டுமிருகங்களும் உண்டு. 9:10ல் உடன்படிக்கையும் அவற்றோடு சேர்த்தே செய்யப்படுகிறது. சுற்றுச்சூழல் இறையியல் தாளில் இதே பகுதி வந்தால் இந்த இடத்தை விரித்து எழுதுங்கள்.

மெசபொத்தாமிய ஒப்பீடு பெரும்பாலான விடைகளில் வெறும் பட்டியலாகவே வருகிறது: அங்கேயும் கப்பல், அங்கேயும் பறவை, அங்கேயும் பலி. நினிவேயிலிருந்து வந்த களிமண் பலகையில் இருந்த வெள்ளக் கதையை ஜார்ஜ் ஸ்மித் 1872ல் லண்டனில் வாசித்துக் காட்டியபோது அந்த ஒற்றுமைகள் பெரும் பரபரப்பை உண்டாக்கின. இப்போது தேர்வாளருக்கு அவை புதிதல்ல. வேற்றுமையைப் பிடியுங்கள். அத்ராகாசிஸ் காவியத்தில் மனிதரின் இரைச்சலால் தூக்கம் கெட்ட என்லில் வெள்ளத்தை அனுப்புகிறான். என்கி என்ற வேறொரு தேவன் தந்திரமாக ஒருவனுக்குத் தகவல் சொல்லிக் காப்பாற்றுகிறான். அழிக்கிற தேவன் ஒருவன், காக்கிற தேவன் இன்னொருவன். ஆதியாகமத்தில் அப்படிப் பங்குபோட வழியில்லை. மனஸ்தாபப்பட்டவரே கிருபை காட்டுகிறார், மதகைத் திறந்தவரே பேழையின் கதவை அடைக்கிறார். இரண்டு தேவர்களுக்கு இடையே நடந்த போராட்டம் இங்கே ஒரே தேவனுடைய இருதயத்துக்குள் நடக்கிறது. 6:6ன் துக்கத்துக்கு இவ்வளவு கனம் இருப்பது அதனால்தான்.

கில்கமேஷ் காவியத்தின் 11ஆம் பலகையில் தேவர்களே வெள்ளத்துக்குப் பயந்து நாய்களைப்போல் சுருண்டு கிடக்கிறார்கள். பலி வாசனை வந்ததும் ஈக்களைப்போல் மொய்க்கிறார்கள். 8:21லும் கர்த்தர் வாசனையை முகருகிறார், ஆனால் பசியால் அல்ல. இன்னொரு வேற்றுமையும் உண்டு. அத்ராகாசிஸ் கதை முடிவில் மனிதர் மறுபடி பெருகிவிடாதபடி மலட்டுத்தன்மை, குழந்தைச் சாவு போன்ற ஏற்பாடுகள் செய்யப்படுகின்றன. ஆதியாகமமோ நேரெதிராக, பெருகுங்கள் என்று ஆசீர்வதிக்கிறது. சமய ஒப்பீட்டுத் தாளாக இருந்தால் சதபத பிராமணம் என்ற வேதகால நூலில் வரும் மனுவின் மீன் கதையையும் ஒரு வரி சொல்லலாம். அதில் வெள்ளத்துக்கு ஒழுக்கக் காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. தமிழ் மாணவர்கள் பலர் இந்த இடத்தில் கடல்கோளைக் கொண்டுவந்து ஒரு பக்கம் எழுதிவிடுகிறார்கள். இந்தக் கேள்விக்கு அது வேண்டாம்.

பிரசங்கத்தில் கேட்டதை வேதத்தில் படித்ததாக எழுதுவதும் நிறையப் பார்த்தேன். "நோவா 120 வருஷம் பேழை கட்டினார், பிரசங்கித்தார், ஜனங்கள் சிரித்தார்கள்." ஆதியாகமத்தில் இது எங்கே இருக்கிறது? 6:3ல் 120 வருஷம் வருகிறது, உண்மைதான். அது மனித ஆயுளின் எல்லையா, வெள்ளம் வரும்வரை தரப்பட்ட தவணையா என்று ஆய்வாளர்கள் பிரிந்தே நிற்கிறார்கள். நோவாவின் 500ஆம் வயதுக்குப் பிறகே மகன்கள் பேசப்படுகிறார்கள் (5:32), 600ஆம் வயதில் வெள்ளம். பேழைக் கட்டளை வரும்போதோ மகன்களுக்கு மனைவிகளே இருக்கிறார்கள் (6:18). 120 வருஷக் கட்டுமானம் இதற்குள் பொருந்தாது. நோவாவை நீதியைப் பிரசங்கித்தவன் என்று சொல்வது 2 பேதுரு 2:5. சிரித்த கூட்டம் பிற்கால மரபு. மத்தேயு 24:38–39லும் ஜனங்கள் பரிகாசம் பண்ணவில்லை. புசித்து, குடித்து, பெண்கொண்டு, பெண்கொடுத்து, உணராதிருந்தார்கள், அவ்வளவே. ஆதியாகமத்து நோவா உண்மையில் வெள்ளம் முடியும்வரை வாயே திறப்பதில்லை. சோதோமுக்காக 18ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் வழக்காடுகிறான். நோவா சொன்னபடி செய்கிறான், கேள்வி கேட்பதில்லை. யூத ரபீக்கள் இந்த இருவரையும் ஒப்பிட்டு நோவாவுக்குக் கொஞ்சம் குறைவாகவே மதிப்பெண் போட்டார்கள்.

புதிய ஏற்பாட்டுத் தொடர்பைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். 1 பேதுரு 3:20–21 ஒன்றையாவது சரியாக விளக்கினால் போதும். எட்டுப் பேர் தண்ணீரால் காக்கப்பட்டார்கள் என்று அது சொல்கிறது. தண்ணீரிலிருந்து என்றல்லவா இருக்க வேண்டும் என்று தோன்றும். 7:17ஐப் பாருங்கள்: உலகத்தை மூடிய அதே தண்ணீர்தான் பேழையைத் தூக்கி மிதக்கவைத்தது. ஞானஸ்நானத்தோடு பேதுரு இதை இணைப்பது இந்த இடத்தில்தான். ஏசாயா 54:9ஐயும் மறந்துவிட வேண்டாம். பாபிலோன் சிறையிருப்பில் இருந்தவர்களுக்கு நோவாவின் வெள்ளத்தைக் காட்டி, இனி உன்மேல் கோபங்கொள்வதில்லை என்று ஆணையிடுகிறார் கர்த்தர். தீர்ப்பை அனுபவித்த ஒரு ஜனம் இந்தக் கதையிலிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சரி, குழந்தைகள்? வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி வரும். செத்துப்போன பச்சைக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்? "தேவனுடைய வழிகள் நமக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள், அடுத்த கேள்வி இன்னும் கூர்மையாக வரும். வேதபகுதி குழந்தைகளைப்பற்றித் தனியாகப் பேசுவதில்லை என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு பகுதி எதைச் சொல்கிறதோ அதைச் சொல்லுங்கள்: கொடுமை நிறைந்த உலகத்தைத் தேவன் கண்டும் காணாதவராக விடவில்லை, தீர்ப்புச் சொன்னவர் துக்கத்தோடு சொன்னார், இந்த வழி இனி இல்லை என்று தம்மையே கட்டுப்படுத்திக்கொண்டார். அதற்கு மேலும் குழந்தைகளின் கேள்வி மிச்சமிருக்கிறது என்றால், ஆம், மிச்சமிருக்கிறது. நேர்மையாக அப்படிச் சொன்ன மாணவனைத் தேர்வாளர்கள் மடக்கிப் பார்த்து நான் கண்டதில்லை.

6:1–4ன் தேவகுமாரர் யார் என்ற விவாதத்துக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். பேழையின் அளவுக்கு ஒரு வரி போதும்: 300 முழம், 50 முழம், 30 முழம். அரராத் மலையில் பேழையைத் தேடிப் போனவர்களின் கதை வேண்டவே வேண்டாம். ஒரு கட்டுரைக்கு அரை மணி நேரம்தான் கிடைக்கும், இவை அதைத் தின்றுவிடும்.

அந்த நேரத்தைக் கேள்வியில் 6–9 என்று இருந்தால் 9:18–29க்கு வையுங்கள். முக்கால்வாசிப் பேர் வானவில்லோடு பேனாவை மூடிவிடுகிறார்கள். கதை அங்கே முடியவில்லை. நோவா திராட்சத்தோட்டம் போடுகிறான், குடித்து வெறித்து, வஸ்திரம் விலகிக் கிடக்கிறான். காப்பாற்றப்பட்ட குடும்பத்துக்குள்ளேயே அவமானம், சாபம். நோவா பேசியதாகப் பதிவாகும் முதல் பேச்சே அந்தச் சாபம்தான் (9:25). 8:21ல் சொன்னது ஒரு அதிகாரம் தாண்டுவதற்குள் நிரூபணமாகிறது, வெள்ளமோ திரும்ப வரவில்லை. சாபம் நோவாவின் மகன் காமின் பெயரில் இல்லை, காமின் மகன் கானானின் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அமெரிக்காவில் கறுப்பின அடிமைத்தனத்தை ஆதரித்தவர்கள் "காமின் சாபம்" என்று இந்தப் பகுதியைத்தான் காட்டினார்கள். பகுதியில் நிறத்தைப்பற்றி ஒரு சொல்லும் கிடையாது.