அப்பிச்சியின் எஞ்சின் பிறந்த ஊரைத் தேடி: சுவிட்சர்லாந்து நாட்குறிப்பு

2023 செப்டம்பர் 9, சனி. லூசர்ன்

சூரிக் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருப்பதால், முதுகுப்பையை மாட்டிக்கொண்டு இரண்டு நகரும் படிக்கட்டுகளில் இறங்கியதும் நடைமேடை வந்துவிட்டது. இன்று முதல் எட்டு நாளுக்குச் செல்லுபடியாகும் சுவிஸ் டிராவல் பாஸ் வாங்கியிருக்கிறேன். ரயில், பேருந்து, ஏரிக் கப்பல் மூன்றுக்கும் அந்த ஒரே சீட்டு போதும். பாதிக் கட்டண அட்டை வாங்கினால் ஒரு மாதத்துக்குச் செல்லும், சிலருக்கு அதுவே லாபமாகவும் இருக்கும். தனியாக வரும் எனக்கு ஒவ்வொரு முறையும் சீட்டு இயந்திரத்தின் முன் நின்று கணக்குப் போடும் வேலை வேண்டாமென்று பாஸையே எடுத்தேன்.

நான் ஏன் இந்த நாட்டுக்கு வந்தேன் என்பதை முதல் நாளிலேயே எழுதிவிடுகிறேன். நான் மேட்டுப்பாளையத்துக்காரி. என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்தவர். நீலகிரி மலை ரயில் எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த தகட்டில் 'வின்டர்தூர்' என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில் நாங்கள் அதை 'விண்டர்தர்' என்போம். "அது நம்ம எஞ்சின் பொறந்த ஊரு கண்ணு" என்பார் அப்பிச்சி. அந்த ஊரைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பதுதான் திட்டம். கடைசி நாளுக்கு அதை வைத்திருக்கிறேன்.

லூசர்ன் நிலையத்தில் இறங்கியபின் கடிகாரத்தின் கீழே பத்து நிமிடம் சும்மா நின்றேன். ஹான்ஸ் ஹில்ஃபிக்கர் 1944இல் வடிவமைத்த முகம் இது. ரயில் கார்டு சைகை காட்டும் தட்டுப் போன்ற சிவப்பு நொடி முள் ஏறத்தாழ ஐம்பத்தெட்டரை நொடியிலேயே சுற்றை முடித்துவிட்டு, பன்னிரண்டின் மேல் நின்று, தலைமைக் கடிகாரத்திலிருந்து சைகை வந்த பிறகே மறுபடி நகர்கிறது. அது நிற்கும் அந்தச் சிறிய இடைவெளியில் நடைமேடையே மூச்சைப் பிடித்துக்கொள்வது போல எனக்குத் தோன்றியது. மற்றவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 10, ஞாயிறு. ரிகி மலை

லூசர்ன் ஏரியின் ஜெர்மன் பெயருக்கு 'நான்கு வனக் கன்டோன்களின் ஏரி' என்று பொருள். கன்டோன் என்பது நம் மாநிலம் போன்றது. ரயில் நிலைய வாசலிலிருந்து சாலையைக் கடந்தால் படகுத்துறை. எனக்கு வாய்த்தது 'உரி' என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல். 1901இல் கட்டப்பட்டது, கட்டியவர்கள் வின்டர்தூரின் சுல்சர் சகோதரர்கள். கப்பலின் நடுவயிற்றைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். கம்பிப் பிடியில் சாய்ந்து கீழே பார்த்தால் மனிதன் உயரத்துக்கு மேற்பட்ட எஃகுத் தண்டுகள் எண்ணெய்ப் பளபளப்புடன் மேலும் கீழும் போய்வருகின்றன, அவற்றுக்கு இடையே ஒருவர் நீண்ட மூக்குடைய எண்ணெய்க் குப்பியுடன் நடக்கிறார். பயணிகள் பலர் மேல்தட்டில் மலையைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ரிகி மலையடிவாரத்து விட்ஸ்னாவ் வரும்வரை அந்த வாசத்தை விட்டு நகரவில்லை. சூடான எண்ணெயும் நீராவியும் கலந்த வாசம் அது. அப்பிச்சி மாலையில் கழற்றிப் போடும் காக்கிச் சட்டையின் வாசம்.

விட்ஸ்னாவில் கப்பலை விட்டு இறங்கிச் சில அடிகள் நடந்தால் சிவப்புப் பெட்டிகள் நிற்கின்றன. ஐரோப்பாவின் முதல் பற்சக்கர மலை ரயில் இதுதான். பொறியாளர் நிக்லாஸ் ரிகென்பாக் 1871 மே 21 அன்று, தன் பிறந்த நாளிலேயே, இதைத் திறந்துவைத்தார். ஆனால் அன்று வண்டி உச்சிவரை போகவில்லை. லூசர்ன் கன்டோனின் எல்லை ஸ்டாஃபெல்ஹோகே நிலையத்தோடு முடிந்துவிட்டது. அதற்கு மேலே இருப்பது ஷ்வீஸ் கன்டோன், அங்கே பாதை போடும் உரிமை வேறொரு நிறுவனத்துக்குப் போயிற்று. அதனால் உச்சியை ரயில் தொட்டது 1873இல்தான். மலையின் தலையை வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விட்ட கதை நமக்கும் புரியாததல்ல.

தண்டவாளங்களுக்கு நடுவே படுத்திருக்கும் பற்பாதையைக் குனிந்து பார்த்தேன். ரிகென்பாக் முறை என்பது ஏணியைப் படுக்கப் போட்டது போல. இரு பக்கச் சட்டங்களுக்கு இடையே படிகள் வரிசையாக இருக்க, எஞ்சினின் பற்சக்கரம் அந்தப் படிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஏறுகிறது. ஏற்றம் நாலுக்கு ஒன்று. எங்கள் மலை ரயிலின் செங்குத்தான இடத்தில்கூடப் பன்னிரண்டே காலடிக்கு ஓரடிதான்.

உச்சியில், 1,797 மீட்டர் உயரத்தில், வெயில் கண்ணைக் குத்தியது. இறங்கி வந்தபின்தான் ஞாயிற்றுக்கிழமைக்கு விலை கொடுத்தேன். விட்ஸ்னாவில் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகளைத் தவிர மற்றவை பொதுவாக ஞாயிறு மூடியிருக்கும் என்பதை நான் படித்திருந்தும் மறந்துவிட்டேன். நேற்றைய ரொட்டியும் தெருக் குழாய்த் தண்ணீரும்தான் மதிய உணவு. இந்நாட்டில் ஊர் நடுவே கல்தொட்டியில் ஓடும் நீரை, 'குடிநீர் அல்ல' என்று எழுதியிராவிட்டால், தயங்காமல் குடிக்கலாம்.

செப்டம்பர் 11, திங்கள். பிரியென்ஸ்

லூசர்னிலிருந்து புரூனிக் கணவாய் வழியாக ஒன்றரை மணி நேரம். தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இருக்கும் மீட்டர்கேஜ் பாதை, நடுநடுவே மட்டும் பற்பாதை. எங்கள் நீலகிரி ரயிலின் ஏற்பாடும் ஏறக்குறைய இதேதான்: மேட்டுப்பாளையத்திலிருந்து சமவெளியில் சாதாரணமாக ஓடி, கல்லாறில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, குன்னூருக்கு மேலே மறுபடி சாதாரணமாக ஓடும். இங்கே எல்லாம் மின்சாரம். பற்பாதையில் நுழையும்போது இருக்கையில் ஒரு மெல்லிய நடுக்கம் வந்தது, அவ்வளவுதான். பக்கத்து இருக்கைப் பெண் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மைரிங்கனில் வண்டி திசை மாறிப் புறப்பட்டபோது, திரும்பிப் போகிறோமோ என்று பதறி எழுந்தவள் நான் ஒருத்திதான்.

செப்டம்பர் 12, செவ்வாய். ரோட்ஹார்ன்

இன்றைக்காகத்தான் பிரியென்ஸில் தங்கினேன். 1892இல் திறந்த பிரியென்ஸ் ரோட்ஹார்ன் மலை ரயில் இன்னமும் நீராவியில் ஓடுகிறது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914இல் மூடி, 1931இல்தான் மறுபடி திறந்தார்கள். டிராவல் பாஸுக்கு இங்கே பாதிக் கட்டணம்.

நிலையத்தில் நின்ற எஞ்சினைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. சமதரையில் அதன் கொதிகலன் மூக்கைக் கீழே ஊன்றி, தொலைத்த காசைத் தேடுவது போலக் குனிந்து நிற்கிறது. ஏறத் தொடங்கியதும் காரணம் விளங்கியது. நாலுக்கு ஒன்று என்ற சரிவில் கொதிகலன் அப்போதுதான் மட்டமாக அமைகிறது. இல்லாவிட்டால் தண்ணீர் ஒரு முனையில் தேங்கி, மறுமுனையில் குழாய்கள் வறண்டு தீய்ந்துபோகும். எங்கள் எஞ்சின்களுக்கு இந்தக் குனிவு இல்லை, எங்கள் சரிவுக்கு அது தேவைப்படவுமில்லை. ஆனால் எஞ்சின் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளை மேலே தள்ளும் வழக்கம் இரண்டுக்கும் ஒன்றே.

தண்டவாளத்தின் நடுவே பார்த்தபோதுதான் வீட்டுக்கு வந்தாற்போல் இருந்தது. இங்கே இருப்பது ஏணியல்ல. பல்வெட்டிய இரண்டு எஃகுப் பட்டைகள் அருகருகே ஓடுகின்றன. ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மறு பட்டையில் பள்ளம் இருக்கும்படி அவற்றைத் தள்ளித் தள்ளி அமைத்திருக்கிறார்கள். சக்கரத்தின் ஒரு பல் விடுபடும் நேரத்தில் இன்னொரு பல் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் குலுக்கலும் குறைவு, வழுக்கும் பயமும் குறைவு. இது ஆப்ட் முறை. ரிகென்பாக்கிடம் வேலை கற்ற கார்ல் ரோமன் ஆப்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தது. குன்னூர் மலைப்பாதையில் அப்பிச்சி எங்களுக்கு இரண்டு கைவிரல்களையும் கோத்து, ஒன்றைச் சற்று முன்தள்ளிக் காட்டியது இதைத்தான்.

ஏழரைக் கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஏறினோம். பாதி வழியில் பிளானால்ப்பில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்தார்கள். அந்த நேரத்தில் கைபேசியில் இருந்த எங்கள் எஞ்சினின் படத்தை ஓட்டுநரிடம் காட்டினேன். அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வந்தது. படத்தைப் பெரிதாக்கிச் சிலிண்டர்களை எண்ணினார், நான்கு விரல்களைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். ஆம், நான்கு. இரண்டு சாதாரணச் சக்கரங்களுக்கு, இரண்டு பற்சக்கரங்களுக்கு. அவர் கரித்துணியால் கையைத் துடைத்துக்கொண்டு தன் எஞ்சினின் பக்கத்தில் ஒரு தகட்டைத் தட்டினார். அதிலும் அதே ஊர்ப் பெயர்.

மேலே மேடும் பனிமலைகளும் பார்க்க நன்றாகவே இருந்தன. ஆனால் இறங்கும் வண்டிக்காகக் காத்திருந்தபோதும் நான் எஞ்சின் பக்கமே நின்றேன்.

செப்டம்பர் 13, புதன். மழை

வெயில் முடிந்தது. படகில் ஏறிக் கீஸ்பாக் அருவித்துறையில் இறங்கி, 1879இல் கட்டிய இழுவை ரயிலில் ஏறினேன். அதைக் கட்டியவரும் ரிகென்பாக்தான். ஒற்றைப் பாதையில் இரு பெட்டிகள் நடுவே ஒன்றையொன்று விலகிக் கடக்கும் உபாயத்தை ஆப்ட் முதலில் செய்துகாட்டிய இடம் இது. மழையில் அருவிக்கும் வானத்துக்கும் எல்லை தெரியவில்லை.

இன்டர்லாக்கனில் உணவகம் ஒன்றின் தாழ்வாரத்தில் ஒதுங்கி அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தேன். "சோறு கெடைக்குதா கண்ணு?" என்று அம்மா கேட்க, ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பின்கதவருகே நின்றிருந்த வயதான சமையல்காரர் ஒருவர், "தங்கச்சி, தமிழோ? எங்கையிருந்து வாறீங்கள்?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் போருக்குத் தப்பி இங்கு வந்த ஆயிரக்கணக்கான ஈழத் தமிழரில் ஒருவர். அவர்களில் பலர் இந்நாட்டு உணவகச் சமையலறைகளில்தான் வாழ்வைத் தொடங்கினார்கள். தனக்கென்று கொண்டுவந்த சோற்றிலும் பருப்பிலும் பாதியை ஒரு தட்டில் போட்டுத் தந்தார். காசு என்று வாயெடுத்ததும், "விசர்க் கதை கதையாதேங்கோ" என்று அடக்கிவிட்டார்.

செப்டம்பர் 14, வியாழன். லூசர்ன்

திரும்பி வந்தேன். துணி துவைத்தேன். ஈரக் காலணிக்குள் செய்தித்தாளைத் திணித்தேன். வேறு ஒன்றுமில்லை.

செப்டம்பர் 15, வெள்ளி. பெலின்சோனா

தப்பு என்னுடையதுதான். லூசர்னில் படகுத்துறைகளுக்கு எண் உண்டு என்பதைக் கவனிக்காமல், நீண்ட வரிசையைக் கண்டதும் அதில் நின்றேன். முறை வந்தபோது மாலுமி தலையசைத்து அடுத்த துறையைக் காட்டினார். பையுடன் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பலகையை இழுத்துவிட்டார்கள். கப்பல் ரயிலுக்காகக் காத்திருக்கலாம், எனக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? அடுத்த கப்பலில் ஃப்ளூலென் போய்ச் சேர்ந்தேன்.

அங்கிருந்து ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் பழைய கோட்ஹார்டு ரயில் பாதை. 2016இல் திறந்த 57 கிலோமீட்டர் அடித்தளச் சுரங்கத்தில் சென்ற மாதம் 10ஆம் தேதி ஒரு சரக்கு வண்டி தடம்புரண்டதால், இன்று விரைவு வண்டிகளும் மலைமேல் சுற்றித்தான் போயின. அவசரக்காரர்களுக்கு ஒரு மணி நேரம் நட்டம். எனக்கு அவசரமில்லை. வாசன் ஊரின் சிறிய வெள்ளைத் தேவாலயம் முதலில் தலைக்கு மேலே தெரிந்தது, பிறகு சன்னலுக்கு நேராக, பிறகு காலுக்குக் கீழே. இங்கே பற்சக்கரம் கிடையாது. பாறைக்குள் வளையமாகச் சுற்றிச் சுற்றியே உயரத்தைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

பழைய சுரங்கம் 15 கிலோமீட்டர், 1882இல் திறந்தது. அதை ஒப்பந்தம் எடுத்த லூயி ஃபாவ்ர் 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே இறந்தார். மறு ஆண்டு இரு பக்கமும் சந்தித்தபோது, துளை வழியே முதலில் அனுப்பியது அவருடைய படத்தைத்தான் என்று சொல்வார்கள். 1875இல் சுரங்கத்தின் வடக்கு வாயிலான கோஷெனனில் வேலைநிறுத்தம் செய்த இத்தாலியத் தொழிலாளர்களில் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருட்டில் கண்ணாடியில் என் முகமே தெரிந்துகொண்டிருந்த அத்தனை நிமிடங்களும் அந்த நால்வரின் நினைவுதான். வெளியே வந்ததும் அறிவிப்பு இத்தாலியனுக்கு மாறியது. பெலின்சோனாவின் மூன்று கோட்டைகளில் காஸ்டல்கிராந்தே ஒன்றை மட்டுமே பார்க்க நேரமிருந்தது.

செப்டம்பர் 16, சனி. வின்டர்தூர்

பாஸின் கடைசி நாள். சூரிக்கில் மாறி, வின்டர்தூரில் இறங்கினேன். 1871இல், ரிகி ரயில் ஓடத் தொடங்கிய அதே ஆண்டில், இங்கே எஞ்சின் தொழிற்சாலை தொடங்கினார்கள். 1873இல் அது கட்டிய முதல் எஞ்சினே ரிகி மலைக்குத்தான். கொதிகலன் செங்குத்தாக, புட்டி நிறுத்தியது போல இருக்கும். எங்கள் மலைக்கு 1914 முதல் எஞ்சின்கள் அனுப்பத் தொடங்கினார்கள்.

நிலையத்துக்குப் பின்னாலேயே பழைய ஆலைப் பகுதி. செங்கல் கொட்டகைகளில் இப்போது கல்லூரி வகுப்புகளும் குடியிருப்புகளும் காப்பிக்கடைகளும். தரையில் பதிந்த தண்டவாளம் ஒன்று ஒரு கட்டடத்தின் கண்ணாடிக் கதவு வரை போய் நின்றுவிட்டது. அதன் குறுக்கே என் காலணியை வைத்து அளந்து பார்த்தேன். எங்கள் மீட்டர்கேஜ் அல்ல, அதைவிட அகலமானது. பக்கத்தில் ஒரு சிறுவன் சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு, நான் எதைத் தேடுகிறேன் என்று கீழே பார்த்துவிட்டுப் போனான்.

கொட்டகையைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"அப்பிச்சியோட ஷெட்டு மாதிரியே இருக்குதா கண்ணு?"

"கூரை அப்படித்தாம்மா இருக்குது. எண்ணெய் வாசந்தான் இல்லை."

விமான நிலையத்துக்குப் போகும் வண்டி கால் மணி நேரப் பயணம். நடைமேடைக் கடிகாரத்தின் சிவப்பு முள் பன்னிரண்டில் வந்து நின்றது.