க்ரான்டேப்ல இருந்த ஒரு வரி

திருச்சில இருந்து தென்னாப்பிரிக்கால இருக்கிற டர்பனுக்கு வேலைக்கு வந்த ரெண்டாவது வருஷம் நடந்தது இது. துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்கு கம்பெனி, கன்டெய்னர் லாரிக்கெல்லாம் டிரிப் போடுற சாஃப்ட்வேர் ஓடுற சர்வர் என் பொறுப்பு. அதுல ஓடினது உபுண்டு 18.04ங்கிற லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். 2023 மே 31ஓட அதுக்கு ஸ்டாண்டர்ட் சப்போர்ட் முடியறதா இருந்துச்சு, அதுக்கப்புறம் உபுண்டு ப்ரோ திட்டத்துல சேர்ந்தாதான் செக்யூரிட்டி அப்டேட் வரும், அதனால மே மாசத்துக்குள்ள புது வெர்ஷனுக்கு ஏத்திடணும்னு முடிவு பண்ணோம். 18.04ல இருந்து நேரா 22.04க்கு தாவ முடியாது, நடுவுல 20.04ல கால் வச்சுதான் போகணும். முதல் படி மட்டும் அந்த மாசம்னு வச்சுக்கிட்டேன்.

அந்த சர்வரை முதல்ல கட்டினவர் எனக்கு முன்னாடி அங்க இருந்த ஒரு அங்கிள், நான் சேர்ந்த கொஞ்ச நாள்லயே ரிட்டயர் ஆயிட்டார். டர்பன்ல இந்திய வம்சாவளிக்காரங்க நிறைய இருக்கிற சாட்ஸ்வொர்த்காரர், தமிழ்க் குடும்பம், நாலு தலைமுறையா இங்க. பேச்செல்லாம் இங்கிலீஷ்தான், தமிழ்ல வணக்கம், தம்பி, தண்ணி மாதிரி கொஞ்சம் வார்த்தைதான் மிச்சம், ஆனா ஆடி மாசம் மாரியம்மனுக்கு கஞ்சி ஊத்தறதை ஒரு வருஷம்கூட விட்டதில்ல. என்னை எப்பவும் தம்பின்னுதான் கூப்பிடுவார்.

நேரா லைவ் சர்வர்ல கை வைக்கக்கூடாதுன்னு சர்வரை அப்படியே ஒரு விர்ச்சுவல் மெஷின்ல காப்பி எடுத்து ஒத்திகை பாத்தேன். அப்கிரேட் நடுவுல, நாம ஏற்கனவே மாத்தி வச்சிருக்கிற கான்ஃபிக் ஃபைலை, அதாவது செட்டிங்ஸ் எழுதி வைக்கிற ஃபைலை, பேக்கேஜ்காரங்களும் மாத்தியிருந்தா நின்னு கேக்கும், பேக்கேஜ்காரங்க கொடுத்த புது ஃபைலை வைக்கவா, இல்ல உன்னோடதையே விட்டுடவான்னு. ஒய் (Y) அடிச்சா புதுசு, என் (N) அடிச்சா பழசு, டி (D) அடிச்சா ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு காட்டும். சும்மா என்டர் தட்டினா பழசுதான். ஒத்திகைல நான் எல்லாத்துக்கும் என்டர்தான் தட்டினேன், முடிஞ்சு பாத்தா மைஎஸ்கியூஎல்ங்கிற டேட்டாபேஸ் எந்திரிக்கவே இல்ல. 18.04ல இருந்தது 5.7, 20.04ல வர்றது 8.0, அதுல க்வெரி கேஷ்ங்கிற, ஒரு தடவை கேட்டதுக்கான பதிலை ஞாபகம் வச்சுக்கிற வசதியையே தூக்கிட்டாங்க, ஆனா நான் விட்டு வச்ச பழைய ஃபைல்ல க்வெரி கேஷ் சைஸ்னு ஒரு வரி இருந்துச்சு, அது என்ன வேரியபிள்னே எனக்குத் தெரியாதுன்னு லாக்ல எழுதிட்டு படுத்துடுச்சு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆச்சு. அப்பதான் மனசுல ஒண்ணு பதிஞ்சுது, பழசை வச்சாத்தான் பிரச்சனை, அதனால ஒரிஜினல்ல எல்லாத்துக்கும் ஒய். இந்த நினைப்புதான் பின்னாடி கழுத்தை அறுத்துச்சு.

சனிக்கிழமை சாயங்காலம் வேலையை ஆரம்பிச்சேன். அந்த மே மாசம் லோட்ஷெடிங், அதாவது முறை வச்சு பண்ற கரண்ட் கட், ஸ்டேஜ் 6 வரைக்கும் போன நேரம், எப்ப கட்னு சொல்ற எஸ்கோம்சேபுஷ் ஆப்பைப் பாக்காம சோறுகூட வைக்க முடியாது. எங்க ஏரியாக்கு நாலு மணிக்குப் போன கரண்ட் ஆறரைக்கு வந்துச்சு, அடுத்த கட் நடுராத்திரிக்கு மேல, அதுக்குள்ள முடிச்சாகணும். பேக்கேஜ் ஏறிட்டு இருக்கும்போது கரண்ட் போயி யூபிஎஸ்சும் இறங்கிட்டா பாதி பழசு பாதி புதுசுன்னு நிக்கும், பேக்கேஜை ஏத்துற டிபிகேஜி புரோகிராமை மறுபடி கான்ஃபிகர் பண்ணச் சொல்லி மீட்டுடலாம்தான், ஆனா எதுக்கு அந்த வம்பு. வேற கம்ப்யூட்டர்ல இருந்து சர்வருக்குள்ள போற எஸ்எஸ்ஹெச் வழியா பண்றதால அப்கிரேட் புரோகிராம் அவசரத்துக்குன்னு 1022 போர்ட்ல இன்னொரு வாசல் திறந்து வைக்கும், நான் ஃபயர்வால்ல அதுக்கும் வழி விட்டு வச்சேன். நைட் செக்யூரிட்டி அண்ணன் சும்மா எட்டிப் பாத்தார், ஸ்கிரீன்ல உபுண்டுன்னு பேரைப் பாத்துட்டு இது எங்க வார்த்தையாச்சேன்னார். ஆமாண்ணா, இதை ஆரம்பிச்சவரும் தென்னாப்பிரிக்காக்காரர்தான், மார்க் ஷட்டில்வொர்த், 2004லதான் முதல் ரிலீஸ் வந்துச்சுன்னு சொன்னேன். ஜூலுல அதை எப்படிச் சொல்லணும்னு எனக்கு ரெண்டு தடவை சொல்லிக் காட்டிட்டுத்தான் போனார்.

பத்தரைக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. வந்த கேள்விக்கெல்லாம் ஒய். மைஎஸ்கியூஎல் ஜம்முன்னு எந்திரிச்சுது, சாஃப்ட்வேர் திறந்துச்சு, வீட்டுக்குப் போயி நிம்மதியா தூங்கினேன்.

திங்கக்கிழமை காலைல அஞ்சு பத்துக்கு யார்ட்ல இருந்து போன். கேட் லிஸ்ட் வரலயாம். கேட் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு அப்பதான் தெரியும். அன்னிக்கு எந்த லாரி எந்த கன்டெய்னர் எடுக்கணும்னு தினமும் விடிகாலைல யார்ட் ஷெட்டுல இருக்கிற பிரிண்டர்ல ஒரு பேப்பர் வருமாம், டிரைவர்கள் அதைக் கிழிச்சுக்கிட்டுத்தான் கிளம்புவாங்களாம். துறைமுகத்து கன்டெய்னர் டெர்மினலுக்கு பேஹெட் ரோடுதான் வழி, கொஞ்சம் லேட்டானாலும் அங்க லாரி வரிசை எவ்வளவு தூரம் நிக்கும்னு டர்பன்ல எல்லாருக்கும் தெரியும்.

கை நடுங்கிட்டேதான் லாகின் பண்ணேன். அங்கிள்கிட்ட கேக்கலாம்னு போனைப் போட்டேன், காலங்காத்தாலன்னுகூடப் பாக்காம உடனே எடுத்தார். "தம்பி, க்ரான்டேப் பாத்தியா?" அவ்வளவுதான் கேட்டார். எந்த வேலை எந்த நேரத்துக்குத் தானா ஓடணும்னு எழுதி வைக்கிற ஃபைல் அது. பாத்தேன், இடிசி ஃபோல்டர்ல க்ரான்டேப் ஃபைல் பளபளன்னு புதுசா இருக்கு, 20.04 கொடுத்த உதாரண வரிகளோட. நல்ல வேளை, ஒய் அடிச்சாலும் டிபிகேஜி பழைய ஃபைலைத் தூக்கிப் போடாது, அதே பேர் கடைசியில டிபிகேஜி ஓல்ட்னு ஒட்டி பக்கத்துலயே வச்சிடும். அதைத் திறந்தேன். கடைசில ஒரே ஒரு வரி, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் காலைல நாலு மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் ஓடணும்னு. அதுக்கு மேல அவர் இங்கிலீஷ்ல ஒரு கமெண்ட் எழுதி வச்சிருந்தார்: பேஹெட் டிரைவர்கள் காத்திருப்பாங்க, தயவுசெஞ்சு தொடாதீங்க, வணக்கம்.

வணக்கம்ங்கிற வார்த்தையும் இங்கிலீஷ் எழுத்துலதான் இருந்துச்சு. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். சனிக்கிழமை ராத்திரி அந்தக் கேள்வி வந்தப்ப டி ஒரு தடவை அடிச்சிருந்தா இந்த வரி என் கண்ணுல பட்டிருக்கும், என்னைத் தொடாதேன்னு சொல்லியிருக்கும். மைஎஸ்கியூஎல் ஃபைலுக்கு ஒய் சரி, க்ரான்டேப்புக்கு என் (N) சரி, எல்லாத்துக்கும் ஒரே பதில்னு ஒண்ணு கிடையாது. ஒத்திகை இதையெல்லாம் காட்டிடும்னு நம்பினேன், ஆனா காப்பி சர்வர் முன்னாடி எந்த டிரைவரும் வந்து நிக்கலயே.

ஸ்கிரிப்ட்டை கையால ஓட்டினேன், அஞ்சு நாப்பதுக்கு பேப்பர் வந்துச்சு. பதினோரு லாரி அதுவரைக்கும் இன்ஜினை அணைச்சுட்டு நின்னிருந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல அவங்க நேரம் போச்சு, அதுக்கு நான்தான் காரணம், அன்னிக்கு மத்தியானமே யார்டுக்குப் போயி நேர்லயே சொல்லிட்டு வந்தேன்.

ஆகஸ்ட்ல 22.04க்கு ஏத்தறதுக்கு முன்னாடியே அந்த வரியை க்ரான்.டி ஃபோல்டர்ல தனி ஃபைலா எடுத்து வச்சுட்டேன், அப்கிரேட் எப்ப வந்தாலும் அந்த ஃபைலைப் பத்தி ஒய்யா என்னான்னு கேள்வியே வராது. அங்கிளோட கமெண்டை ஒரு எழுத்துகூட மாத்தல. அதுக்குக் கீழ இன்னொரு வரி சேத்தேன், காலைல பேப்பர் வரலைன்னா யாரைக் கூப்பிடணும்னு என் நம்பரோட.