மகேந்திரகிரி பஸ்ஸும் முப்பந்தல் காற்றாடியும்

சின்ன வயதில் யாராவது "பெரியவனாகி என்னல ஆகப் போற?" என்று கேட்டால், மகேந்திரகிரி பஸ்ஸில் போவேன் என்பேன். விஞ்ஞானி என்றெல்லாம் சொல்லத் தெரியாது. பணகுடியில் வளர்ந்த எனக்கு இஸ்ரோ என்றால் காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போகும் அந்த பஸ்தான். ஜன்னலோரம் இருப்பவர்களின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். 2008 அக்டோபரில் சந்திரயான் கிளம்பியபோது, அந்த ராக்கெட்டில் இருக்கிற விகாஸ் இன்ஜினை நம்ம மலையில்தான் எரித்துச் சோதிப்பார்கள் என்று அறிவியல் சார் சொன்னார். எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இருபத்தைந்து வயதுக்குள் எல்லாம் நடந்துவிடும் என்று நினைத்தேன். கழுத்தில் அட்டை, மாடி வைத்த வீடு, அம்மா பீடி சுற்றுவதை நிறுத்திவிடுவாள். என் கற்பனையில் வேலை என்ற ஒன்று மட்டும் இல்லவே இல்லை. பஸ் மலைக்குள் போன பிறகு அந்த ஆட்கள் என்ன செய்வார்கள் என்று நான் யோசித்ததே கிடையாது.

இப்போது எனக்கு இருபத்தெட்டு. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அம்மா பீடித் தட்டைத் தொடுவதில்லை. மாடி இன்னும் எழும்பவில்லை.

டவருக்குள் ஏணி நேராக 80 மீட்டர் போகும். ஹார்னஸ் என்கிற பாதுகாப்புப் பட்டையை மாட்டி, கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் முதல் கம்பியில் கால் வைக்க வேண்டும். நடுவில் தளங்கள் உண்டு, நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மேலே, இறக்கைகளுக்குப் பின்னால் இயந்திரங்கள் இருக்கிற நாசெல் என்ற பெட்டிக்குள் கிரீஸ் வாடையும் அடுப்படிச் சூடும். கியர்பாக்ஸ் ஆயில், பிரேக், காற்று வரும் பக்கம் காற்றாடியைத் திருப்புகிற யா மோட்டார், போல்ட்டுகளின் முறுக்கம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கூரைக் கதவைத் திறந்தால்தான் காற்று. வானம் தெளிவாக இருந்தால் தெற்கே கடல் கோடாகத் தெரியும், வடக்கே மகேந்திரகிரி.

கீழிருந்து பார்த்தால் பெரிய காற்றாடி சோம்பலாகச் சுற்றுவது போலிருக்கும். ஆனால் பிளேடின் நுனி மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அந்த நுனி அரித்துப்போனால் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். பைக்கில் தாண்டிப் போகும்போதே எந்த டவரில் கோளாறு என்று இப்போது என் காதுக்குத் தெரிகிறது. இந்த அறிவு எனக்கு வரும் என்று சின்ன வயதில் கனவிலும் நினைத்ததில்லை. அட்டையைவிட இது எனக்குப் பெரிது.

ஆச்சிக்கு இந்த வேலை பிடிக்கவில்லை. "எலே, இந்தக் காத்தாடிதாம்ல மேகத்த வெரட்டுது" என்பாள். எங்கள் பக்கம் பலர் அப்படி நம்புகிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது ஆச்சி, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நமக்கு வருவது மிச்சக் காற்றுதான், நம்ம மழை ஐப்பசி கார்த்திகையில் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்டுக்கொண்டாள், ஒத்துக்கொள்ளவில்லை. சரி, தலையில் தண்ணீர் சுமந்து வெள்ளாமை பார்த்தவளுக்கு என் விளக்கம் எம்மாத்திரம்.

நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது, ஊரில் தனியாக இருப்பேன் என்பது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் வளைகுடாவில், மீதி சென்னையிலும் கோவையிலும். ஊரைவிட்டுப் போவதுதான் முன்னேற்றம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பொங்கலுக்கு வருகிறவர்கள் "இன்னும் இங்கேதானா?" என்று கேட்கும்போது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆனி, ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு வீசும் நாட்களில், ஒரு டவர் நின்றுபோய், நாங்கள் போய் ஓட வைத்துவிட்டு இறங்கும்போது எனக்கு அவர்கள் யார்மீதும் பொறாமை இல்லை.

கோபம் ஒன்று உண்டு. இவ்வளவு உயரம் ஏறுகிற எங்களில் முக்கால்வாசிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். சம்பளம் வீட்டுச் செலவுக்குச் சரியாகப் போகும், அவ்வளவுதான். பழைய காற்றாடிகளைக் கழற்றிவிட்டுப் பெரியதாக நடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2024-ல் கொள்கை வெளியிட்டிருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் அண்ணாந்து பார்த்த 250 கிலோவாட் குட்டிக் காற்றாடிகள் ஒவ்வொன்றாக இறங்கும். வருகிற புது டவர்கள் இன்னும் உயரம். அவற்றைப் பராமரிக்க ராதாபுரம், வள்ளியூர், பணகுடிப் பிள்ளைகளை நிரந்தர வேலையில் எடுக்க வேண்டும். பெண்பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற என் சித்தி மகள், என்னைவிட வேகமாக மரம் ஏறுவாள்.